வாக்கு தமிழில், வரையறை ஆங்கிலத்தில்

சென்ற பருவத்தில் இளங்கலை முதலாண்டு மாணவர்க்கு இலக்கணம் நடத்தியபோது ஒரு சிறு பயிற்சி கொடுத்தோம். நூலுக்கு ஆகாதவை என்று நன்னூலார் பத்துக் குற்றங்களைச் சொல்கிறார் அல்லவா? அவற்றைப் பாடநூல் எடுத்துக்காட்டுகளைக் கொண்டே ஆண்டுதோறும் நடத்திச் சலித்துவிட்டது. ஆகவே வீட்டில் தீர்ந்துபோன பொருள்களின் உறைகளையும் அட்டைகளையும் எடுத்துவரச் சொன்னோம். மறுநாள் மேசைமேல் ஒரு குட்டி மளிகைக்கடையே குவிந்துவிட்டது. பற்பசைக் குழாய், சோப்பு உறை, ஷாம்பு பாக்கெட், சத்துமாவுப் புட்டி, பிஸ்கட் உறை, கொசுவத்திப் பெட்டி. ஒரு மாணவன் அரிசிச் சாக்கின் கிழிந்த துண்டையே கொண்டுவந்திருந்தான்.

பத்துக் குற்றங்களுள் பாதிக்கு மேல் அந்த மேசையிலேயே கிடைத்தன. உறையின் முன்பக்கம் மிகைபடக் கூறல். பின்பக்கம் குன்றக் கூறல். இரண்டையும் சேர்த்துப் படித்தால் மயங்க வைத்தல். வகுப்பு நன்றாகச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இதெல்லாம் தப்புன்னா இதுல சொன்னபடி நடக்கற பொருள் எதுங்க ஐயா?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. நாமும் தப்பித்தோம். ஆயினும் கேள்வி நம்முடன் வில்லியனூர் சாலை வழியே ரெட்டியார்பாளையம் வரை வந்து, வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

நாம் வேதியியல் கற்றவரல்லர். ஒரு பசை பல்லை வெண்மையாக்குமா, ஒரு தைலம் முடியை வளர்க்குமா என்று சோதித்துச் சொல்லும் கருவி நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது இலக்கணம் ஒன்றே. வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று பார்ப்பதற்கு முன்னால், அங்கே வாக்கு என்று ஏதேனும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அந்தக் கருவி போதும் என்று தோன்றியது.

'நூறு விழுக்காடு வரை பொடுகு நீங்கும்' என்கிற வகை வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதில் கண்ணில் படுவது நூறு. வேலை செய்வதோ 'வரை'. பத்தும் நூறு வரைக்குள் அடங்கும், ஒன்றும் அடங்கும், ஒன்றுமில்லாததும் அடங்கும். 'நோய் எதிர்ப்பாற்றலுக்கு உதவும்' என்பதில் 'உதவும்' என்பது வேலை செய்கிறது. தூக்கம்கூடத்தான் உதவும், ரசஞ்சோறும் உதவும். 'அடர்த்தியான தோற்றம்' என்பதில் அடர்த்தி முடிக்கு அன்று, தோற்றத்துக்கு. இடைச்சொல் தனித்து இயங்காது, பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும் என்று பாடம் சொல்கிறோம். இங்கே பெயரும் வினையும் இந்தச் சின்னஞ்சிறு சொற்களைச் சார்ந்து கிடக்கின்றன. இவற்றை எழுதியவர் இலக்கணம் அறியாதவர் அல்லர். நம்மைவிட நன்றாக அறிந்தவர். எந்நாளும் பொய்யாகவே முடியாதபடி ஒரு வாக்கியத்தைக் கட்டுவது எளிய வித்தையன்று. பொய்யாக முடியாத வாக்கியம் எப்படி வாக்குறுதி ஆகும் என்பதுதான் கேள்வி.

எண்ணைச் சொன்னால் மட்டும் போதுமா என்றால், அதிலும் ஒரு கண்கட்டு உண்டு. 99.9 விழுக்காடு கிருமிகளைக் கொல்லும் என்பது இன்று சோப்பு, தரை கழுவும் திரவம், கைதுடைக்கும் தாள் என எல்லாவற்றின்மேலும் இருக்கிறது. அருகில் ஒரு நட்சத்திரக் குறி. குறியின் விளக்கத்தைத் தேடிப் பின்பக்கம் போனால், ஆய்வகத்தில், தேர்ந்தெடுத்த சில நுண்ணுயிர்கள்மீது, குறிப்பிட்ட நேரம் வைத்துப் பார்த்த முடிவு என்றிருக்கும். சரி, அப்படியே நடந்ததாக வைத்துக்கொள்வோம். பத்து இலட்சம் நுண்ணுயிர் இருந்த இடத்தில் ஆயிரம் மிஞ்சும். குடலில் வாழும் எ.கோலை போன்றவை சூடும் ஈரமும் உணவும் வாய்த்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக் கூடியவை. ஆயிரம் மீண்டும் பத்து இலட்சம் ஆகப் பத்து இரட்டிப்புகள் போதும். மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. எண் பொய்யன்று. 'இனிக் கவலையில்லை' என்று அந்த எண்ணிலிருந்து நம் மனம் வருவித்துக்கொள்ளும் பொருள்தான் பொய். அதை அவர்கள் சொல்லவில்லை, நாமே சொல்லிக்கொண்டோம்.

சோப்பு உறையை வகுப்பில் படித்தபோது நமக்கே ஒரு பாடம் கிடைத்தது. சோப்பு என்று நாம் வாங்கும் பலவற்றின் பின்புறத்தில் 'பாதிங் பார்' என்று அச்சிட்டிருக்கிறார்கள், 'டாய்லெட் சோப்' என்று அன்று. இரண்டும் சட்டப்படி வேறுவேறு சாதி. சோப்பின் உயிர் அதிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருள். உறையில் 'டிஎஃப்எம்' என்று சுருக்கமாகப் போட்டிருப்பது அதுதான். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் வரையறைப்படி டாய்லெட் சோப்பின் முதல் தரத்துக்கு அது 76 விழுக்காடாவது இருக்கவேண்டும், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. பாதிங் பார் என்றால் 40 இருந்தாலே போதும். பூவும் அருவியும் நடிகையும் முன்பக்கத்தில் ஒன்றுபோலவே இருக்க, வேறுபாடு முழுவதும் பின்பக்கத்து இரண்டு ஆங்கிலச் சொற்களில் ஒளிந்திருக்கிறது. நாற்பதைக் கடந்த வயதில், முதுகலைப் பட்டத்துடன், நாம் இதை அறிந்தது ஒரு முதலாண்டு மாணவன் கொண்டுவந்த கசங்கிய உறையிலிருந்து. வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

நிற்க. சொன்னதைச் சொன்னபடி கொடு என்று ஒருவர் விடாமல் கேட்டு வென்ற கதை ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 2021 டிசம்பரில் சென்னைப் பக்கத்து மணலியில் ஒருவர் தெருநாய்களுக்குப் போடுவதற்காக ஐடிசி நிறுவனத்தின் 'சன்ஃபீஸ்ட் மேரி லைட்' பிஸ்கட் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்று இருந்தது. உள்ளே இருந்தவை 15. சிரித்துவிட்டுப் போகவேண்டிய செய்தி என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைப்போம். அவர் போகவில்லை. கடைக்காரரைக் கேட்டார், நிறுவனத்தைக் கேட்டார், பதில் நிறைவாக இல்லை என்றதும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் சென்றார். பிஸ்கட்டை எடைக்கணக்கில்தான் விற்கிறோம், எண்ணிக்கையில் அன்று என்றது நிறுவனம். உறையில் 76 கிராம் என்று இருந்தது. நிறுத்துப் பார்த்தால் 74 கிராம்தான் இருந்தது. அந்தச் சிறு குறைவை விதிகளே அனுமதிக்கின்றன என்றும் வாதிட்டார்கள். அந்தச் சலுகை காலப்போக்கில் ஆவியாகி எடை குறையக்கூடிய பொருள்களுக்கே தவிரப் பிஸ்கட்டுக்கு அன்று என்று ஆணையம் மறுத்தது. எண்ணிக்கையை உறையில் போட்டுவிட்டு எண்ணாதே என்று சொல்ல முடியாதல்லவா? 2023இல் தீர்ப்பு வந்தது. ஒரு இலட்சம் ரூபாய் இழப்பீடு, வழக்குச் செலவுக்குப் பத்தாயிரம், அந்தத் தொகுதிப் பிஸ்கட்டை விற்பதை நிறுத்தவும் உத்தரவு.

ஒரு பிஸ்கட்டின் விலை ஏறத்தாழ 75 காசு என்று அவர் கணக்கிட்டிருந்தார். 75 காசுக்கா இத்தனை என்று நண்பர்கள் சிலர் நம்மிடம் கேலி பேசியதுண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. 'பதினாறு' என்ற சொல்லுக்கு வரையோ உதவுமோ நட்சத்திரமோ இல்லை. அதனால்தான் அதைப் பிடிக்க முடிந்தது. அதே உறையில் 'லைட்' என்றும் ஒரு சொல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எந்த ஆணையத்துக்கும் யாரும் போயிருக்க முடியாது.

வரையறையை உறையில் சொல்லாமலே வைத்துக்கொண்டு, வழக்கு வந்தபோது வெளியே எடுத்த கதையும் உண்டு. ஆண்களுக்கான சிவப்பழகு கிரீம் ஒன்றை ('ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்', இமாமி நிறுவனத்துடையது) 2012இல் 79 ரூபாய் கொடுத்து வாங்கிய தில்லிக்காரர் ஒருவர், சொன்னபடி பூசியும் நிறம் மாறவில்லை என்று வழக்குத் தொடுத்தார். பதினாறு முதல் முப்பத்தைந்து வயதினருக்குத்தான், சத்தான உணவும் உடற்பயிற்சியும் நல்ல பழக்கங்களும் சேர்ந்தால்தான் பலன் என்பது போன்ற விளக்கங்கள் நிறுவனத் தரப்பிலிருந்து வந்தன. உறையில் இவை ஏன் இல்லை என்று ஆணையம் கேட்டது. 2024 டிசம்பரில் 14 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் நுகர்வோர் நல நிதிக்குச் செலுத்துமாறு ஆணையிட்டது. வாங்கியதற்கும் ஆணைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். 1975 முதல் நம் பெண்மக்களுக்கு விற்கப்பட்ட 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரில் இருந்த 'ஃபேர்' என்பதை விட்டு 'க்ளோ' என்று மாறிக்கொண்டது. நாற்பத்தைந்து ஆண்டு வாக்குறுதி ஒரு சொல்லை மாற்றியதும் கணக்கு முடிந்துபோனது.

சத்துப் பானங்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. அந்தப் பெயரில் போர்ன்விட்டா முதலிய பானங்களை அடுக்கி விற்கவேண்டாம் என்று இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய வணிகத் துறை 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. அதே மாதத்தில் ஹார்லிக்ஸ் முதலானவற்றைத் தன் பட்டியலில் வேறொரு பெயரின்கீழ் மாற்றிவைத்தது இந்துஸ்தான் யூனிலீவர். இந்த ஹார்லிக்ஸ் குழந்தையை உயரமாக, வலிமையாக, கூர்மையாக ஆக்கும் என்று சொன்ன விளம்பரம் ஒன்று தெற்காசியாவுக்கென எடுக்கப்பட்டு, எப்படியோ இங்கிலாந்தின் தொலைக்காட்சியிலும் வந்துவிட்டது. மெய்ப்பிக்கப்படாத கூற்று என்று 2008இல் அந்நாட்டு விளம்பர ஒழுங்கமைப்பு அதை மறுத்துவிட்டது. நாமோ அப்படிப்பட்ட பானங்களைக் குடித்து வளர்ந்த தலைமுறை. உயரத்தைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. கரும்பலகையின் மேல்வரியை எழுத இன்றும் நாற்காலி தேவைப்படுகிறது.

இதுவரை எழுதியவை பணத்தின் இழப்பு, சில ஆண்டுகளின் ஏமாற்றம். அவற்றோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டோம். மாணவியின் கேள்வி வீட்டுக்குள் வந்தது என்று சொன்னோம். அங்கே அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த ஒன்றை அது எழுப்பிவிட்டது.

2024 ஜூன் 11 அன்று காலையில் எங்கள் ரெட்டியார்பாளையத்தின் புதுநகரில் பாதாளச் சாக்கடையிலிருந்து நச்சுவாயு வீட்டுக் கழிப்பறை வழியே ஏறி மூவரைக் கொன்றது. அவர்களுள் ஒருத்தி பள்ளி மாணவி. ஹைட்ரஜன் சல்பைடு என்றார்கள். அழுகிய முட்டை நாற்றம் உடையது அது. ஆனால் அளவு மிகுந்தால் நுகரும் ஆற்றலையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் தெரியாமலே ஆளைச் சாய்க்கும். கழிப்பறைக்குள் போகிறவர் திரும்பி வருவாரா என்று வாசலில் ஆள் நின்ற நாள்கள் அவை. செய்தி கேட்ட ஊர்களில் உள்ளோர்க்கு அது ஒரு நாள் செய்தி. எங்களுக்கு ஒவ்வொரு காலையும் அதுவே பேச்சு.

கோப்பைக்குக் கீழே குழாய் வளைந்து, வளைவில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்கும்படி செய்வதுதான் சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும் ஏற்பாடு. நம் வீட்டில் அந்த வளைவு ஒழுங்காக இருக்கிறதா என்று கொத்தனாரை அழைத்துப் பார்த்தோம். இருந்தது. அந்த இரண்டு அங்குலத் தண்ணீருக்கு விளம்பரம் கிடையாது, நடிகர் கிடையாது, தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது கிடையாது.

நம் தாயாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நாளிதழைத் தலைப்பு முதல் இரங்கல் விளம்பரம் வரை ஒன்றுவிடாமல் படிப்பவர். வாரப் பத்திரிகைத் தொடர்களில் அத்தியாயம் விட்டுப்போனால் நம்மிடம் சண்டைக்கு வருபவர். கொத்தனார் சொன்னதில் அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. தொலைக்காட்சியில் கழிப்பறை கழுவும் திரவத்தைப் பற்றித் தமிழில், தெளிவான நல்ல தமிழில், கிருமியையும் நாற்றத்தையும் வேரோடு அழிக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புட்டி வீட்டில் இருந்தது. தெருவில் தெளிக்கும் பிளீச்சிங் பவுடரும் வீட்டில் இருந்தது. ஒன்றைவிட இரண்டு நல்லது என்று நினைத்திருக்கிறார். நாம் கல்லூரிக்குப் போயிருந்த முற்பகலில் கோப்பைக்குள் திரவத்தை ஊற்றி, அதன்மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டார்.

அந்தத் திரவத்தில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடருடன் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்கள்மீது ஏவப்பட்ட அதே வாயு. சன்னல் திறந்திருந்ததும், அடுத்த வீட்டு அக்கா இருமல் சத்தம் கேட்டு ஓடிவந்து இழுத்து வெளியே உட்காரவைத்ததும் நாம் செய்த புண்ணியம். ஒரு நாள் மருத்துவமனையில் இருந்தார். இரண்டு வாரம் தொண்டை கட்டியிருந்தது. அவ்வளவோடு போயிற்று.

அன்றிரவு வீட்டுக்கு வந்து புட்டியைத் திருப்பிப் பார்த்தோம். எச்சரிக்கை இருந்தது. பிளீச்சுடனோ வேறு எந்தத் துப்புரவுப் பொருளுடனோ கலக்கவேண்டாம் என்று, அரிசியைவிடச் சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில். கீழே அதுவே இந்தியில். ஆறு மாதமாக அந்தப் புட்டி நம் வீட்டில்தான் இருந்தது. வாங்கி வந்தவர் நாம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் நாம். ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. நிறுவனத்தைக் குறைசொல்வதற்குமுன் இதைச் சொல்லிவிடவேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் அம்மா கேட்டார். "அதுல போட்டிருந்துதாப்பா?"

"போட்டிருந்துதும்மா. இங்கிலீஷ்ல."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ எனக்குன்னு போடல" என்றார்.

நம் மாணவியின் கேள்விக்கு நாம் இன்றுவரை கண்ட பதில் அந்த வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. பொருள்கள் வாக்குக் கொடுக்கும்போது எல்லா மொழியும் பேசுகின்றன. வாக்கைச் சுருக்கும்போதும், எச்சரிக்கும்போதும், நிபந்தனை போடும்போதும் அவற்றுக்குத் தமிழ் மறந்துவிடுகிறது. சட்டமும் அதற்கு இடங்கொடுக்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளும் சரி, உணவுப் பொருள்களுக்கான 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளும் சரி, உறையில் கட்டாயமாகத் தரவேண்டிய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியில் இருந்தால் போதும் என்கின்றன. வேறு மொழியில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளத் தடையில்லை என்கின்றன. தடையில்லை என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் உள்ள தொலைவில்தான் நம் தாயார் விழுந்தார்.

வேடிக்கை என்னவென்றால், நாம் சொல்லும் கொள்கையை அரசே வேறோரிடத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், விளம்பரத்தின் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் அதன் மறுப்புக் குறிப்பும் இருக்கவேண்டும் என்று கூறப்பட்டிருக்கிறது. விளம்பரத்துக்கு அப்படி. விளம்பரத்தைப் பார்த்து வாங்கிவந்த புட்டிக்கு மட்டும் அப்படி இல்லை. கதவுவரை தமிழில் பேசி அழைத்துவந்துவிட்டு, உள்ளே வந்ததும் மொழியை மாற்றிக்கொள்ளலாம் போலும்.

எங்கள் ஊருக்கு இது புதிதன்று என்று முதியவர்கள் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேர் முன்னிலையில் பிரெஞ்சில் எழுதிய பத்திரங்கள் இன்றும் புதுச்சேரியின் பழைய குடும்பங்களின் பெட்டிகளில் இருக்கின்றன. தம் வீட்டையும் மனையையும் பற்றிய சொற்களைத் தாமே படிக்க முடியாமல் கைநாட்டும் கையெழுத்தும் வைத்தவர்கள் நம் முன்னோர். மனைக்காவது வாழ்நாளில் ஒருமுறை. சோப்புக்கும் பசைக்கும் மாதந்தோறும்.

அதிலும் ஏழைக்கு இன்னும் குறைவாகவே கிடைக்கிறது. பக்கத்துக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கி அதைச் சிற்றூர்தோறும் கொண்டுசென்றார். புட்டி வாங்க இயலாதவர்க்கும் ஷாம்பு கிடைத்தது. அது நல்ல காரியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பத்துக் கிராம், பத்து மில்லிக்கு மேற்படாத பொட்டலங்களுக்கு மேற்சொன்ன எடையளவு விதிகளில் விலக்கு உண்டு. இடமில்லை என்பது காரணம். ஆக, பெரிய புட்டி வாங்குபவர்க்குப் படிக்க நிறைய இருக்கிறது, இரண்டு ரூபாய் பாக்கெட் வாங்குபவர்க்குப் படம் மட்டும் இருக்கிறது.

நாடு முழுவதும் ஒரே உறைதானே போகிறது, இத்தனை மொழிக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். விளம்பரத்தை அத்தனை மொழியிலும் எடுக்க முடிகிறதே என்பது ஒரு பதில். இன்னொரு பதில் வயலில் இருக்கிறது. பூச்சிமருந்துக் கலனுடன் தரப்படும் தாள் இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றுடன் அந்தந்த வட்டார மொழியிலும் இருக்கவேண்டும் என்று 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. கலன்மேல் நஞ்சின் கடுமையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறத்தாலும் காட்டவேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத உழவனையும் மனத்தில் வைத்து அரைநூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். வயலுக்கு முடிந்தது கழிப்பறைக்கு முடியாதா? எடை, விலை, டிஎஃப்எம் என்பவற்றின் எண்களுக்கு மொழி பெரிதில்லை. அவை எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும். கலக்காதே, குடிக்காதே, இன்னாருக்கு ஆகாது என்னும் மூன்று வரிகள்தாம் நாம் கேட்பவை.

அச்சிடும் தமிழும் தமிழாக இருக்கவேண்டும் என்று ஒரு தமிழாசிரியனாகச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம். வகுப்புக்கு வந்த கொசுவத்திப் பெட்டியில் தமிழ் இருக்கத்தான் செய்தது. 'குழந்தைகளின் அடைவிலிருந்து தொலைவில் பராமரிக்கவும்' என்று இருந்தது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று சொல்ல ஆளில்லாத நாடா இது! அந்த வேலைக்கு எங்கள் துறையில் படித்து முடித்து வெளியே நிற்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். போகட்டும்.

இப்போது நம் வீட்டில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. புதுப் புட்டி வந்ததும் வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் 'அமிலம். இதனுடன் எதையும் கலக்கக் கூடாது. சன்னலைத் திறந்துவைக்கவும்' என்று எழுதி முன்பக்கத்திலேயே, அந்தப் பளபளப்புப் படத்தின்மேலேயே ஒட்டிவிடுகிறோம். முதல் தாளை அம்மாதான் படித்துத் திருத்தினார். 'கூடாது' என்பதில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அடுத்த வீட்டு அக்காவுக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னார். பிறகு எதிர்வீட்டுக்கு. தண்ணீர் பட்டு மை கரைந்துவிடுவதால் அதன்மேல் ஒட்டுநாடா சுற்றவேண்டியிருக்கிறது. இந்த மாதத்துப் புட்டி நேற்றுத்தான் வந்தது. தாள் இன்னும் எழுதவில்லை. அதுவரை அம்மா அதைக் கழிப்பறைக்குள் எடுத்துப்போக விடவில்லை, வாசல் திண்ணையில் வைத்திருக்கிறார்.